காய்ச்சல் விட்ட மூன்றாவது வாரம்

காய்ச்சல் அடிக்கிற வாரத்தில் வீடு நிறைய ஆள் இருக்கும். ஒருத்தர் ரசோன் (ரசம்) வைப்பார், ஒருத்தர் அயாபானா இலை பறித்து வருவார், பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும். காய்ச்சல் விட்டதும் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மூன்றாவது வாரம், நான்காவது வாரம்: படியேறினால் மூச்சு வாங்குகிறது. காலையில் விரல் மடங்க மறுக்கிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு தூக்கம் போச்சு. டிவி சத்தம் தாங்கவில்லை. காரணமே இல்லாமல் கண் கலங்குகிறது. வீட்டிலோ, "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, இன்னும் ஏன் படுத்திருக்கே?" என்று பேச்சு. அந்த வாரத்தில் இருப்பவருக்கும் அவருக்காகச் சமைக்கிறவருக்கும்தான் இந்தப் பதிவு.

நம் மொரீஷியஸ் தீவுக்கு இது புதிதல்ல. 2005-06இல் பக்கத்து ரெயூனியனில் மூன்றில் ஒருவருக்கு மேல் சிக்குன்குனியா வந்தது. 2006இல் மொரீஷியஸிலும் ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள். ரெயூனியனில் ஒரு வருடம் கடந்தும் பலருக்கு மூட்டுவலி தீரவில்லை. அப்புறம் கோவிட், அப்புறம் டெங்கு, 2025இல் இரண்டு தீவிலும் மறுபடி சிக்குன்குனியா. ஒவ்வொரு அலை ஓய்ந்த பிறகும் ஒரு கூட்டம் சத்தமில்லாமல் பின்தங்கிப் போகிறது. அவர்களைச் சோம்பேறி என்று சொல்வது பெரிய பாவம்.

வைரஸை விரட்ட உடம்பு சுரக்கிற அழற்சிப் பொருள்கள் மூளைக்கும் சேதி சொல்கின்றன: படு, சாப்பிடாதே, யாரிடமும் பேசாதே என்று. காய்ச்சல் நாளில் அது நல்ல சேதி. சிலருக்கு அந்தச் சேதி வாரக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது. அதோடு பத்து நாள் சரியாகச் சாப்பிடாததில் கரைந்த தசை, கெட்டுப்போன தூக்கம், வலி, வேலைக்குப் போகாததால் கைக்கு வராத சம்பளம் எல்லாம் சேர்கின்றன. ஆகவே உடம்பு வேறு மனசு வேறு என்று பிரித்து வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் ஒரு வரிசை உண்டு: முதலில் பரிசோதனை, அடுத்து சாப்பாடும் ஓய்வும், கடைசியில்தான் மூலிகை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பொடியும் கஷாயமும் மூன்று மாதம் குடித்துவிட்டு, அதற்கப்புறம் தைராய்டு கெட்டிருந்ததைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மூன்று நான்கு வாரமாகியும் தெம்பு வரவில்லையென்றால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவை: ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கல்லீரல், சிறுநீரகம். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது. ஆனால் அழற்சி இருக்கும்போது அது தானாகவே ஏறி நிற்கும். காய்ச்சல் விட்ட முதல் இரண்டு வாரத்தில் எடுத்த ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது, பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும். தைராய்டும் வைரஸுக்குப் பிறகு வீங்கலாம். முதலில் கழுத்து வலியும் படபடப்பும், சில வாரம் கழித்து அதற்கு நேர்மாறாகச் சோர்வும் மந்தமும் வரும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெரிய காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். அது தானாகவே திரும்ப முளைக்கும். பயந்துபோய் பயோட்டின் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். அந்த பயோட்டின் தைராய்டு பரிசோதனையின் கணக்கையே குழப்பிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்தி, நிறுத்தியதை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

பி12 பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நம் வீடுகளின் கதை. மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் மிகப் பலர் வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுக்கிறவர்கள். மெட்ஃபார்மின் நாளடைவில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அதே ஆள் சைவமாகவும் இருந்தால் இருப்பு இன்னும் வேகமாக இறங்கும். பி12 குறைந்தால் என்ன வரும்? களைப்பு, மறதி, எரிச்சல், மனத்தளர்ச்சி, பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி மரமரப்பு. அப்படியே காய்ச்சலுக்குப் பிந்தைய சோர்வின் முகம். பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிட்டு, பி12ஐ யாரும் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுங்கள், தொடங்கியபின் கொடுத்தால் அளவு ஏறித்தான் காட்டும். குறைவு என்று வந்தால், தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரையே பலருக்குப் போதும். மரமரப்போ நடையில் தள்ளாட்டமோ இருந்தால் ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தம் சரியானது போல் காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

இனி சாப்பாடு.

தேறி வருகிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். கஞ்சியும் பிஸ்கட்டும் தேநீரும் கொண்டு இதை எட்டவே முடியாது. பத்தியம் என்ற பெயரில் மூன்று வாரம் கஞ்சி கொடுப்பதுதான் நம் வீடுகளில் நடக்கிற முதல் தவறு. நம் கடையில் கிடைப்பதை வைத்துக் கணக்குப் போடுவோம். இரண்டு முட்டை 12 கிராம். வேகவைத்த பயறு அல்லது லான்டி என்கிற மைசூர்ப் பருப்பு ஒரு கிண்ணம் 16 கிராம். 100 கிராம் மீன் அல்லது டின் பில்சார்ட் 20 கிராம். ஒரு கிண்ணம் தயிர் 7 கிராம். ஒரு கைப்பிடி வறுத்த பிஸ்தாஷ், அதாவது நிலக்கடலை, 7 கிராம். சோறும் ரொட்டியும் மீதியைக் கொடுக்கும். 65, 70ஐத் தொட்டாயிற்று. டின் மீன் மலிவு, ஒமேகா-3 நிறைய, முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் வரும். அதிலுள்ள சாஸில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாஸை வடித்துவிட்டுத் தாளித்துக்கொள்ளலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவருடைய அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பசி இல்லாதவரிடம் தட்டு நிறையச் சோற்றை நீட்டினால் தட்டைப் பார்த்தே அவருக்கு அலுத்துப்போகும். மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு புரதத்தை வைத்துவிடுங்கள்: காலையில் முட்டை, பத்து மணிக்குத் தயிர், மதியம் மீனும் பயறும், நாலு மணிக்குக் கடலை, இரவு பயறு போட்ட கீரை புய்யோன், அதாவது கீரை சூப்.

அந்தப் புய்யோனைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முருங்கை மரம் இல்லாத தெரு இங்கே குறைவு. கிரியோலில் ப்ரெட் முரும் என்று எல்லா இனத்தாரும் வாங்குகிற கீரை அது. பச்சை இலை 100 கிராமில் 9 கிராம் புரதமும் சுமார் 4 மில்லிகிராம் இரும்பும் உண்டு. உருவிய இலை இரண்டு கை நிறைய, 60 கிராம் அளவுக்கு, எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்காம்பு மட்டுமல்ல, இலையைத் தாங்குகிற மெல்லிய நரம்புக்காம்பும் போக வேண்டும். அது வேகவே வேகாது, தொண்டை புண்ணாக இருப்பவரைக் குத்தும். அடிகனமான பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், சின்ன வெங்காயமாக ஐந்தாறு, தட்டிய பூண்டு மூன்று பல், கட்டைவிரல் நுனி அளவு இஞ்சி. வெங்காயம் பளபளவென்று ஆனதும், முன்பே குழைய வேகவைத்த மைசூர்ப் பருப்பு அரைக் கிண்ணம், தண்ணீர் முக்கால் லிட்டர். தளதளவென்று கொதித்த பிறகுதான் இலையைப் போட வேண்டும். மூடக் கூடாது. நாலு நிமிடம், இலை அடர்பச்சையாகி அமிழ்ந்ததும் இறக்கிவிடுங்கள். மூடிப்போட்டுப் பதினைந்து நிமிடம் வேகவிட்டால் கறுத்துக் கசந்துபோகும், பிறகு நோயாளி வாயில் வைக்க மாட்டார். உப்பை இறக்கும்போது போட்டு, ஆறி வெதுவெதுப்பானதும் அரை எலுமிச்சை பிழியுங்கள். அந்தப் புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல. கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது, வைட்டமின் சி கூடவே இருந்தால் கூடுதலாக உள்ளே போகும். எலுமிச்சை இல்லாவிட்டால், பருவத்தில் தெருவோரம் விற்கிற கோயாவ் தெ ஷின் என்னும் சின்னச் சிவப்புக் கொய்யா ஒரு கைப்பிடி சாப்பாட்டோடு கொடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, சாப்பிட்ட கையோடு வனிலா தேநீர் ஒரு பெரிய கோப்பை குடித்தால் பாதி வீண். தேநீரிலுள்ள துவர்ப்பு இரும்பைக் கட்டிவிடும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் கணக்கை மாற்றும். வாரம் முழுக்க ஒரே அளவாகச் சாப்பிட்டு, அதைப் பரிசோதனையின்போது சொல்லிவிட்டால் போதும்.

ரசோனுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. மிளகும் புளியும் பூண்டும் கரிப்பூலே என்னும் கறிவேப்பிலையும் மணக்கிற ரசோன் வாய்க்கசப்பை எடுக்கும், பசியைத் தூண்டும், சந்தேகமில்லை. ஆனால் மூட்டுவலிக்கு ஐபூப்ரோஃபன், டிக்லோஃபினாக் எடுப்பவரின் வயிறு ஏற்கெனவே புண்பட்டிருக்கலாம். அவருக்குப் புளியைக் குறைத்துத் தக்காளி கூட்டி, மிளகுக்குப் பதில் சீரகம் தட்டிப்போட்டு, நீர்க்க வையுங்கள். மலம் கறுப்பாகப் போனால் ரசோனை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலி மாத்திரை என்ற பேச்சு வந்ததால்: டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினும் ஐபூப்ரோஃபனும் தொடக்கூடாது, ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவருக்கும் கல்லீரல் பழுதானவருக்கும் தினம் குடிப்பவருக்கும் அதைவிடக் குறைவு. பனடோல், டோலிப்ரான், எஃபெரல்கான் மூன்றும் பெயரில் வேறு, உள்ளே பாராசிட்டமால்தான். ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றைச் சேர்த்துப் போடுகிறவர்கள் தெரியாமலே இரண்டு மடங்கு எடுக்கிறார்கள்.

மூலிகைக்கு வருவோம். தொடக்கத்திலேயே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இங்கே கடையில் சாஃப்ரான் என்று கேட்டால் மஞ்சள்தூள்தான் கொடுப்பார்கள். பிரெஞ்சுப் பத்திரிகையிலோ கைப்பேசியிலோ "மனச்சோர்வுக்கு சாஃப்ரான் நல்லது" என்று படிக்கிறவர் நேராக மஞ்சளைக் கரண்டி கரண்டியாகப் பாலில் கலக்கிறார். அந்த ஆய்வுகள் பேசுவது குங்குமப்பூவை. லேசான, நடுத்தர மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் குங்குமப்பூச் சாறு நாளைக்கு 30 மில்லிகிராம், ஆறு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகள் அவை, பலதும் ஈரானில் நடந்தவை. பலன் இருந்ததாகவே சொல்கின்றன, ஆனால் சிறிய ஆய்வுகள். குங்குமப்பூ விலையில் தங்கம், கலப்படமும் அதிகம். கர்ப்பிணிகள் அதிக அளவில் எடுக்கக் கூடாது. ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

மஞ்சளின் இடம் வேறு. மூட்டு வீக்கத்துக்கு ஓரளவு உதவலாம். குழம்பிலோ பாலிலோ நாளைக்கு அரை முதல் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் எண்ணெயும் ஒரு சிட்டிகை மிளகும் சேர்த்தால் போதும். ஆபத்து சமையலறையில் இல்லை, பாட்டிலில் இருக்கிறது. மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சலைப் பலமடங்கு கூட்டிய குர்குமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் வீங்கியிருக்கிறது. 2022இல் பிரான்சின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ் இதைப் பற்றி எச்சரித்தது. பித்தப்பைக் கல் உள்ளவர்களும் ரத்தம் உறையா மருந்து எடுப்பவர்களும் அந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

அயாபானா எல்லா வீட்டு முற்றத்திலும் நிற்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம்முடையதாகவே ஆகிவிட்ட செடி. பச்சை இலை நாலைந்து, ஒரு கோப்பைக் கொதிநீர், ஏழெட்டு நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் தீசான், அதாவது மூலிகைத் தேநீர், தயார். வயிற்றுப் பொருமலுக்கும் குமட்டலுக்கும் இதம், வெதுவெதுப்பாகக் குடிப்பதே ஒரு ஆறுதல். நாளைக்கு இரண்டு கோப்பை போதும். மனச்சோர்வைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சித்ரோனெல் (எலுமிச்சைப் புல்) தீசானும் அப்படித்தான்: இரண்டு மூன்று தாளை முடிந்து கொதிக்கவைத்து, இரவு எட்டு மணிக்குத் தேநீருக்குப் பதிலாகக் குடித்தால், தூக்கத்துக்கு உதவுவதில் பெரும்பங்கு அன்றைக்கு விட்ட அந்தத் தேநீருக்குத்தான்.

வல்லாரை ஈரமான இடமெல்லாம் முளைக்கிறது. பெவிலாக்குவா என்பார்கள். ஒரு கைப்பிடி இலை, தேங்காய்த் துருவல், ஒரு பச்சைமிளகாய், புளி, உப்பு அரைத்த சட்னி வாரம் இரண்டு மூன்று நாள் சாப்பிடலாம். சாக்கடையோரம், கரும்புத் தோட்டத்தில் மருந்தடித்த வரப்போரம் பறித்ததை வேண்டாம். மூன்று தண்ணீரில் அலசுங்கள். செறிவூட்டிய வல்லாரைக் குளிகை வேறு விஷயம். அரிதாக அதிலும் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது.

வேண்டாம் என்று நான் உரக்கச் சொல்வது சில உண்டு. முதலாவது கொரொசோல் இலைத் தீசான். முள்சீத்தா இலையைக் கொதிக்கவைத்து, தூக்கத்துக்கு என்று தினமும் குடிக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தச் செடியில் அனோனசின் என்ற நரம்பு நஞ்சு உண்டு. கரிபியனிலுள்ள குவாதலூப் தீவில், இந்தப் பழத்தையும் இலைத் தீசானையும் தொடர்ந்து எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற, மருந்துக்கு மசியாத நோய் அதிகமாக இருந்ததை 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். பழத்தை எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடுவது வேறு. மாதக்கணக்கில் இலை குடிப்பது வேறு.

இரண்டாவது மில்பெர்த்துயி, ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்கு உண்மையாகவே வேலை செய்கிற மூலிகை. அதனால்தான் பயம். கல்லீரலின் மருந்து உடைக்கும் வேகத்தை இது கூட்டிவிடுகிறது. கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், டிஜாக்சின், மாற்று உறுப்பு மருந்து, எச்.ஐ.வி. மருந்து எல்லாம் பலமிழந்துபோகும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ரெயூனியன் மலையில் ஃப்ளேர் ஜோன் என்று தீசான் போடும் மஞ்சள் பூ இதே குடும்பத்துச் செடி. உறவுதான் என்பதற்காக ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுக்கக் கூடாது.

அசுவகந்தா இந்தியாவிலிருந்து பாட்டில் பாட்டிலாக வருகிறது. சிலருக்குப் பதற்றமும் தூக்கமும் சற்று மேம்படும். ஆனால் தைராய்டு சுரப்பைக் கூட்டும், அரிதாகக் கல்லீரலைக் கெடுக்கும், கர்ப்பத்தில் கூடவே கூடாது. 2023இல் டென்மார்க் இதைத் தடை செய்தது. தைராய்டு பார்க்காமல் இதைத் தொடங்காதீர்கள். அதிமதுரம் தொண்டைக்கு இதம் என்று கஷாயத்தில் தாராளமாகப் போடுகிறார்கள். நாள்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும், தசை தளரும். அந்தத் தளர்ச்சியையும் வைரஸின் கணக்கில் எழுதிவிடுவோம். நிலவேம்புக் குடிநீர் காய்ச்சல் நாளுக்கானது. காய்ச்சல் விட்டபின் வாரக்கணக்கில் அதைத் தொடர வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரையோடும் அழுத்த மாத்திரையோடும் சேர்ந்தால் இரண்டும் தேவைக்கு மேல் இறங்கக்கூடும். மார்கோஸ் (பாகற்காய்) சாறுக்கும் அதேதான். சாப்பாடு குறைந்திருக்கிற ஆளுக்கு விடிகாலையில் வியர்த்து நடுங்கினால் அது பலவீனமாக இல்லாமல், சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம்.

ஒரே நேரத்தில் ஒரு மூலிகைதான். இரண்டு வாரம் பாருங்கள். நாலைக் கலந்து குடித்தால் எது உதவியது, எது சொறி கொடுத்தது என்று கடைசிவரை தெரியாது. குடித்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தீசானை மருந்தாகவே நினைக்காததால்தான் பலர் அதைச் சொல்வதில்லை.

மனசு விஷயத்தில் இரண்டு கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள்கள் மனம் பாரமாக, நம்பிக்கையற்று இருந்ததா? வழக்கமாகப் பிடிக்கிற எதிலும் நாட்டமே வரவில்லையா? ஒன்றுக்காவது ஆம் என்றால் டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. உடம்புச் சோர்வில் இருப்பவர் பேரப்பிள்ளையைப் பார்த்தால் முகம் மலர்வார், எழுந்து தூக்கத்தான் முடியாது. மனச்சோர்வில் இருப்பவருக்குப் பேரப்பிள்ளை வந்ததே பொருட்டாக இராது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்றாலும், இந்த வித்தியாசத்தைச் சமைக்கிறவர்தான் முதலில் கவனிப்பார். போபாசேனிலுள்ள பிரவுன் செக்கார் மனநல மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். அரசு மருத்துவம் இங்கே இலவசம். பக்கத்திலுள்ள சுகாதார மையத்து டாக்டரிடம் முதலில் பேசி, அங்கிருந்து அனுப்பச் சொல்லலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்று யாராவது சொன்னால் தீசான் போட உட்காராதீர்கள். தனியாக விடாமல், மாத்திரை டப்பாவையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்தி, 114க்கு அழைத்து சாமு என்கிற அவசர மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.

ஓய்வு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே விதி இல்லை. சிக்குன்குனியா மூட்டு அசைய வேண்டும். காலையில் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இரண்டு கையையும் பத்து நிமிடம் அமிழ்த்தி, விரலை மெல்ல மடக்கி விரித்தால் அன்றைய பிடிப்பு தளரும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் நிற்கவில்லையென்றால் மூட்டு நிபுணரைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு நாள் கொஞ்சம் வேலை செய்துவிட்டு அடுத்த நாளோ மறுநாளோ அடியோடு விழுந்துவிடுகிறவர்களுக்கு "நடந்தால் சரியாகும்" என்ற அறிவுரை கேடு. அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உடற்பயிற்சி செய்யவைக்கும் முறையை பிரிட்டனில் டாக்டர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பும் 2021இல் கைவிட்டது. மோசமான நாளில் எவ்வளவு முடிகிறதோ அதில் முக்கால் பங்கை மட்டும், நல்ல நாளிலும் செய்யுங்கள். களைப்பதற்கு முன்பே உட்காருங்கள். குளிப்பதற்கு ஒரு ஸ்டூல், வெங்காயம் நறுக்க ஒரு நாற்காலி. எழுந்து நின்றால் தலை சுற்றி நெஞ்சு அடித்துக்கொண்டால், ஐந்து நிமிடம் படுத்து நாடியை எண்ணி, பத்து நிமிடம் நின்று மறுபடி எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடியே நின்றால் அந்த எண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். பயத்தால் வருவது என்று அதைத் தள்ளிவிடக் கூடாது.

இந்தக் கணக்கு மிகவும் தவறிப்போகிற காலம் தைப்பூசம். கொசு பெருகுவது மழைமாதங்களில், காவடியும் அப்போதுதான். பத்து நாள் கரேம் என்கிற விரதம், சைவம், சிலருக்கு ஒருவேளை உணவு, கடைசியில் வெயிலில் வெறுங்காலோடு மைல்கணக்கில் நடை. டிசம்பரில் படுத்து எழுந்தவர் ஜனவரி, பிப்ரவரியில் காவடி தூக்கினால் அதற்கடுத்த வாரம் அவர் எழுந்திருப்பதே கஷ்டம். நேர்ந்துகொண்டதை விட மனம் வராது, புரிகிறது. கோயிலில் குருக்களிடம் கேளுங்கள். இந்த வருடம் பால்குடம் கோயில் வாசலில் இருந்து மட்டும், காவடி அடுத்த வருடம் என்று முருகனிடம் சொல்லிக்கொள்ளலாம். கரேம் இருந்தே தீருவேன் என்பவருக்குப் பயறு, தயிர், கடலை, தோஃபு ஆகியவற்றால் அதே 60 கிராமை நிரப்பிவிட வேண்டும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர் விரதத்துக்கு முன்பே அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பார்க்க வருகிறவர்களுக்கு. கேக்கும் ஜூஸ் பாட்டிலும் வேண்டாம். அந்த வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருக்கலாம். மூன்றாவது வாரத்தில் போங்கள், முருங்கைக் கொத்து நாலைந்தோடு. வீங்கிய விரலால் முருங்கை உருவுவது எவ்வளவு வலிக்கும் என்று சிக்குன்குனியா வந்தவருக்குத்தான் தெரியும். வீட்டில் மரம் இருந்தும் புய்யோன் கொதிக்காததற்குப் பல இடங்களில் அதுதான் காரணம். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே உருவுங்கள், கால் மணி நேர வேலை. ஈரம் இல்லாமல் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வாடாது.